லிங்கன்: நடையும் அதிகாரமும்

1

ஆசிரியர் தின விழாக்களிலும் பள்ளி ஆண்டு மலர்களிலும் ஆப்ரகாம் லிங்கனின் பெயரில் ஒரு கடிதம் நம்மிடையே நெடுங்காலமாகச் சுற்றி வருகிறது. தன் மகனின் ஆசிரியருக்கு அவர் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம். லிங்கன் அதை எழுதவில்லை. ராய் பாஸ்லர் பதிப்பித்து 1953 முதல் வெளிவந்த லிங்கன் எழுத்துத் தொகுதிகளில் அது இல்லை. மூலக் கைப்பிரதி என்று எதையும் யாரும் காட்டியதில்லை. ஆனால் இதைக் கண்டுபிடிக்க ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டிய அவசியமில்லை. கொஞ்சம் காது இருந்தால் போதும். அந்தக் கடிதம் நல்லுரைகளின் அடுக்கு. ஒன்றை உருவிவிட்டால் மற்றது சரியாது. மேலதைக் கீழும் கீழதை மேலுமாக மாற்றிப் போட்டாலும் எதுவும் கெடாது. லிங்கனின் அசல் பத்தி எதையும் இப்படி மாற்றிப் போட முடியாது. இரண்டாவது வாக்கியம் முதலாவதிலிருந்து பிறந்திருக்கும். மூன்றாவது இரண்டையும் சோதித்துப் பார்க்கும்.

நமக்குத் தலைவர்களிடமிருந்து வேண்டியிருப்பது நல்லுரை. அது கிடைக்காதபோது நாமே எழுதி அவர்கள் பெயரைப் போட்டுக்கொள்கிறோம். லிங்கனிடம் நல்லுரை குறைவு, இருப்பது வாதம். வாதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட முடியாது.

அமெரிக்காவிலும் இந்த உருவழிப்பு நடந்ததுதான். கார்ல் சாண்ட்பர்க் 1926இல் இரண்டும் 1939இல் நான்குமாக ஆறு பாகங்களில் எழுதிய வாழ்க்கை வரலாறு ஒரு தலைமுறையின் லிங்கனைச் செய்து கொடுத்தது. மரக்குடிசை, கோடாலி, அடுப்பு வெளிச்சத்தில் படிப்பு, மண்வாசனை. எதிர்நிலையில் எட்மண்ட் வில்சன். 1962இல் வெளிவந்த அவருடைய ‘பேட்ரியாட்டிக் கோர்’ நூல் லிங்கனை பிஸ்மார்க்குடனும் லெனினுடனும் ஒரே வரிசையில் நிறுத்தியது: சிதறிக்கிடந்த பிரதேசங்களை இறுக்கி மத்திய அதிகாரத்தின் கீழ் கொண்டுவந்தவர்கள் என்ற வரிசை. விசேஷம் என்னவென்றால், லிங்கனை அதிகம் சந்தேகித்த வில்சன்தான் அவருடைய வாக்கியங்களை அதிகம் மரியாதையோடு வாசித்தவர். பக்தர்கள் வாசிக்கவில்லை, பூஜை செய்தார்கள்.

இந்தப் பக்கங்களில் எழுதுகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் பொதுவான ஒரு நம்பிக்கை உண்டு. நடையில் பொய் சொல்ல முடியாது. போலித்தனம் முதலில் வாக்கியத்தில்தான் தெரியும். ஜோடனை இல்லாத மொழி ஒருவனின் அக நேர்மைக்கு அத்தாட்சி என்பது அது. ஆர்வெல் 1946இல் எழுதிய கட்டுரையிலிருந்து இதற்குப் பலம் தேடிக்கொள்கிறோம். இதை நாம் கவிஞர்களிடமும் நாவலாசிரியர்களிடமும் மட்டுமே பிரயோகித்துப் பார்த்திருக்கிறோம். அவர்களிடம் படையும் தூக்குமேடையும் கிடையாது. ஆங்கிலத்தில் மிக நல்ல உரைநடை எழுதியவர்களில் ஒருவர், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட ஒரு யுத்தத்தை நடத்தியும் இருக்கிறார். நம் நம்பிக்கையைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

2

1809 பிப்ரவரி 12இல் கென்டக்கியில் பிறந்தவர் லிங்கன். ஒன்பது வயதில் தாயை இழந்தார். பள்ளிக்கூடத்தில் கழித்த நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு தேறாது என்று அவரே 1860இல் எழுதிய சுயகுறிப்பில் சொல்கிறார். கடை வைத்து நொடித்துப்போனது, தபால் அதிகாரி வேலை, நில அளவை, பிறகு வக்கீல் தொழில் – இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. நமக்கு வேண்டியது வேறு. இவர் எளிமையாகப் பிறந்ததால் எளிமையாக எழுதினார் என்ற சாண்ட்பர்க் பாணி விளக்கம் தவறு. லிங்கனின் எளிமை சம்பாதித்தது. ஆரம்பத்தில் அவர் மேடைத்தனம் மிகுந்த பேச்சாளர்தான்.

1838 ஜனவரி 27. ஸ்ப்ரிங்ஃபீல்டில் இளைஞர் சங்கமொன்றில் பேசுகிறார், வயது 28. கும்பல் வன்முறை விஷயம். செயின்ட் லூயியில் ஒரு கறுப்பு மனிதரைக் கும்பல் உயிரோடு எரித்திருந்தது. அடிமைமுறையை எதிர்த்த பத்திரிகையாளர் எலைஜா லவ்ஜாயை, பக்கத்து ஊரான ஆல்டனில், மூன்று மாதத்துக்குள்தான் சுட்டுக் கொன்றிருந்தார்கள். விஷயம் தீவிரமானது. மொழியோ தூண்களும் கோயில்களுமாக அலங்காரம் பூண்டு நிற்கிறது. அந்த உரையின் நடுவில் ஒரு எச்சரிக்கை: புகழ் வெறி கொண்ட ஒரு மேதை எழக்கூடும், பிறர் நடந்த பாதை அவனுக்குப் போதாது, அடிமைகளை விடுவித்தாவது, சுதந்திரர்களை அடிமைகளாக்கியாவது அவன் தன் பெயரை நிலைநாட்டுவான். லிங்கன் இங்கே தன்னையே பார்த்து அஞ்சியிருக்கிறார் என்று வில்சன் வாசித்தார். ரொம்பவும் வசீகரமான வாசிப்பு. அதை நிரூபிக்க முடியாது. ஆனால் அலங்காரத்துக்கும் புகழ்வெறிக்கும் ஒரே உரையில் இடமிருந்தது என்பதும், பிற்பாடு அவர் எழுத்தில் முதலாவது உதிர்ந்துபோனது என்பதும் கண்கூடு.

உதிர்த்தது எது? வழக்கு மன்றம் ஒன்று. எதிர்வக்கீலுக்கும் ஜூரிக்கும் ஒருசேரப் புரியும்படி பேச வேண்டிய கட்டாயம். இரண்டாவது, யூக்ளிட். 1847 முதல் 1849 வரை ஒரே ஒரு தவணை காங்கிரஸில் இருந்துவிட்டுத் திரும்பியபின், நாற்பது வயதுக்கு மேல், யூக்ளிடின் ஆறு புத்தகங்களையும் உட்கார்ந்து படித்தவர் அவர். இது வாழ்க்கை வரலாற்றின் சுவாரஸ்யத் துணுக்கு அல்ல. அவருடைய வாக்கிய அமைப்பின் மூலஸ்தானம்.

1854 வாக்கில் அவர் தனக்காக எழுதிவைத்த ஒரு துண்டுக் குறிப்பைப் பாருங்கள். அ என்பவன் ஆ என்பவனை அடிமையாக வைத்துக்கொள்ளலாம் என்று நிரூபித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அதே வாதத்தைக் கொண்டு ஆ ஏன் அ–வை அடிமையாக்கக் கூடாது? நிறம் காரணம் என்கிறாயா? அப்படியானால் உன்னைவிட வெளுத்த ஒருவன் எதிரே வந்தால் நீ அவனுக்கு அடிமை. நிறம் இல்லை, அறிவு என்கிறாயா? உன்னைவிட அறிவாளி ஒருவன் வரட்டும். என் நலனுக்கு என்கிறாயா? அவன் நலன் என்று ஒன்று வரும்போது என்ன செய்வாய்? அவ்வளவுதான். கண்ணீர் இல்லை, சாட்டை இல்லை, தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தை இல்லை. அடிமைமுறைக்கு எதிரான அன்றைய எழுத்து பெரும்பாலும் வாசகனின் இரக்கத்தைத் தேடிப்போயிற்று. இது வாசகனை ஆ–வின் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இரக்கம் காட்ட உயரத்தில் ஓர் இடம் வேண்டும். அந்த உயரத்தையே இந்தத் தர்க்கம் பறித்துவிடுகிறது.

அலங்காரத்தை அவர் எப்படிக் கையாளக் கற்றுக்கொண்டார் என்பதற்கு 1861 மார்ச் 4இன் பதவியேற்பு உரை நல்ல சான்று. அதற்குள் ஏழு தென்மாநிலங்கள் பிரிந்துபோய்விட்டன. உரையின் முடிவு கடுமையாக இருக்கிறது, சமாதானத் தொனி வேண்டும் என்று வெளியுறவு மந்திரியாக வரவிருந்த வில்லியம் ஸ்யூவர்ட் ஒரு பத்தி எழுதிக் கொடுத்தார். அந்தப் பத்தியில் போர்க்களங்களிலிருந்தும் கல்லறைகளிலிருந்தும் புறப்படும் தந்திகள் எல்லா இதயங்களையும் கடந்துபோய், தேசத்தின் காவல் தேவதை மூச்சு விட்டதும் பழைய சங்கீதத்தை எழுப்புகின்றன. லிங்கன் இதை எடுத்துக்கொண்டு இரண்டு காரியம் செய்தார். நீண்ட முதல் வாக்கியத்தை உடைத்துக் குட்டி வாக்கியங்களாக்கினார். வெளியே ஆகாயத்தில் நின்ற தேவதையை மனித சுபாவத்துக்குள் கொண்டுவந்து வைத்தார். தேசத்துக்குக் காவல் நிற்கும் தேவதை என்றால் பொறுப்பு தேவதையுடையது. நம் சுபாவத்திலுள்ள நல்ல பகுதி என்றால் பொறுப்பு நம்முடையது. ஸ்யூவர்டின் படிமம் அலங்காரமாக இருந்தது. லிங்கனிடம் அது தார்மீகக் கோரிக்கை ஆகிவிட்டது. எடிட்டிங் என்பது என்ன என்று கேட்கும் இளம் கவிஞர்களுக்கு இந்த இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

அந்தக் கோரிக்கை பலிக்கவில்லை. ஏப்ரல் 12இல் சம்ட்டர் கோட்டையின் மீது பீரங்கிகள் வெடித்தன.

3

தலைமை என்ற சொல்லை எடுத்தவுடன் நாம் பேச்சைத்தான் நினைக்கிறோம். லிங்கனின் தலைமையில் பேசாமல் விட்டது பெரிய பகுதி. கெட்டிஸ்பர்க் வெற்றிக்குப் பிறகு தளபதி மீட், தோற்றோடும் லீயின் படையைத் துரத்தாமல் தப்பவிட்டார். 1863 ஜூலை 14இல் லிங்கன் அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். லீயைப் பிடித்திருந்தால் யுத்தம் முடிந்திருக்கும், இப்போது முடிவில்லாமல் நீளும் என்று மனம் கசந்து எழுதிய கடிதம். எழுதி முடித்து, உறையிலிட்டு, அனுப்பவில்லை, கையெழுத்திடவும் இல்லை என்று உறைமீது குறித்து வைத்துவிட்டார். 1864 ஆகஸ்ட் 23இல் தேர்தலில் தோற்பது நிச்சயம் என்று நம்பியபோது, தோற்றால் அடுத்த ஜனாதிபதியோடு ஒத்துழைத்து யூனியனைக் காப்பது தன் கடமை என்று எழுதி மடித்து, உள்ளே இருப்பதைக் காட்டாமல் மந்திரிகளிடம் பின்புறத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இப்படிப்பட்ட தருணங்களில் எழுத்து என்பது பிறரை அசைக்கும் சாதனம் இல்லை. தன்னைக் கட்டிப்போடும் கயிறு.

ஆனால் பேசாமல் விடுவதற்கு இன்னொரு முகமும் உண்டு. அது இவ்வளவு அழகானது அல்ல.

1862 ஆகஸ்டில் ‘நியூயார்க் ட்ரிப்யூன்’ ஆசிரியர் ஹொரேஸ் கிரீலி, அடிமைமுறையை ஒழிக்கத் தயங்குவதாக லிங்கனைப் பகிரங்கமாகச் சாடினார். ஆகஸ்ட் 22இல் லிங்கன் பதில் எழுதினார். அந்தப் பதிலின் மையம் மூன்று நிபந்தனை வாக்கியங்கள். ஓர் அடிமையையும் விடுவிக்காமல் யூனியனைக் காக்க முடியுமானால் அப்படிச் செய்வேன். எல்லோரையும் விடுவித்துக் காக்க முடியுமானால் அப்படி. சிலரை விடுவித்துச் சிலரை விட்டுவைத்துக் காக்க முடியுமானால் அப்படியும் என்ற பொருளில். யூக்ளிட் மாணவரின் கச்சிதம். இதைப் படிக்கிறவன் இவர் இன்னும் தீர்மானிக்கவில்லை என்றே நினைப்பான். ஆனால் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை ஒரு மாதம் முன்பு, ஜூலை 22இலேயே, மந்திரிசபையில் படித்துக் காட்டிவிட்டார். களத்தில் ஒரு வெற்றி வரட்டும், இல்லாவிட்டால் தோற்பவனின் கடைசி ஓலம் போலத் தோன்றும் என்ற ஸ்யூவர்டின் ஆலோசனைப்படி அது மேஜைக்குள் காத்திருந்தது. கிரீலிக்கு எழுதிய பதிலில் ஒரு வாக்கியமும் பொய்யில்லை. மொத்தக் கடிதம் ஒரு மறைப்பு. மூன்றாவது நிபந்தனையான ‘சிலரை விடுவித்து’ என்பதுதான் மேஜைக்குள் இருந்தது என்பதைப் பிற்பாடு திரும்பிப் படிக்கிறவன் மட்டுமே கண்டுகொள்வான்.

அதற்கு எட்டு நாள் முன்பு நடந்தது இன்னும் மோசம். ஆகஸ்ட் 14இல் ஐந்து கறுப்பினப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்து, உங்கள் இனம் இங்கே இல்லாதிருந்தால் இந்தப் போர் இல்லை, இரு இனங்களும் பிரிந்திருப்பதே நல்லது, மத்திய அமெரிக்காவில் போய்க் குடியேறுங்கள் என்று லிங்கன் உபதேசித்தார். முன்னாள் அடிமையும் பத்திரிகையாசிரியருமான ஃப்ரெடெரிக் டக்ளஸ் தன் இதழில் கொதித்து எழுதினார். அந்த உரையைப் படித்துப் பாருங்கள். நடை தெளிவாகத்தான் இருக்கிறது. அலங்காரம் இல்லை. வாக்கியங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றன. அ, ஆ என்று எழுதிய அதே மனிதர், ஆ என்பவனை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, அவன் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்க மறந்த தருணம். நம் நம்பிக்கை இங்கே முதல் அடி வாங்குகிறது. தெளிந்த நடை தவறான எண்ணத்தையும் தெளிவாகவே சொல்லும்.

4

1862 டிசம்பர் 23 முதல் 1863 ஜனவரி 1 வரை பத்து நாட்கள். இந்தப் பத்து நாட்களுக்குள் லிங்கன் கைப்பட்ட மூன்று காகிதங்கள் வந்து விழுகின்றன. லிங்கனைப் பற்றிய எந்தத் தீர்ப்பும் இவை மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் சொல்லப்பட வேண்டும் என்பது என் கட்சி.

முதலாவது, டிசம்பர் 23 தேதியிட்ட அனுதாபக் கடிதம். வில்லியம் மெக்கல்லோ என்ற பழைய நண்பர், இல்லினாய்ஸில் நீதிமன்ற குமாஸ்தாவாக இருந்தவர், மிஸிஸிப்பியில் போரில் மாண்டார். அவர் மகள் ஃபேனி துக்கத்தில் முடங்கிக் கிடக்கிறாள். லிங்கன் அவளுக்கு எழுதுகிறார். தியாகம், தேசம், லட்சியம் எதுவுமில்லை. துக்கம் எல்லோருக்கும் வருகிறது. சிறுவயதில் எதிர்பாராமல் வருவதால் அதிகம் கசக்கிறது. இனி ஒருபோதும் நலமாக மாட்டோம் என்று உனக்கு இப்போது தோன்றும், அது தவறு, நீ மறுபடியும் சந்தோஷமாக இருப்பாய், இதை அறிவது இப்போது உன் துயரத்தைக் கொஞ்சம் குறைக்கும், அனுபவத்தில் சொல்கிறேன் – இதுதான் சாராம்சம். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் அவருடைய பதினொரு வயது மகன் வில்லி வெள்ளை மாளிகையில் ஜுரத்தில் இறந்திருந்தான். அதைக் கடிதத்தில் சொல்லவில்லை. சுவரில் மாட்டிய போலிக் கடிதத்தை இதன் பக்கத்தில் வையுங்கள்.

இரண்டாவது காகிதம் ஒரு பட்டியல். டிசம்பர் 6இல் எழுதியது, 26இல் நிறைவேறியது. அந்தக் கோடையில் மினசோட்டாவில், ஒப்பந்தப்படி வரவேண்டிய பணம் வராமல் பட்டினி கிடந்த டகோட்டா பூர்வகுடிகள் கிளர்ந்தெழுந்து நூற்றுக்கணக்கான குடியேறிகளைக் கொன்றார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டதும் ராணுவ விசாரணைக் குழு 303 பேருக்கு மரணதண்டனை விதித்தது. சில விசாரணைகள் சில நிமிஷங்களில் முடிந்தவை. எல்லோரையும் தூக்கிலிடு என்று மினசோட்டா கூச்சலிட்டது. லிங்கன் விசாரணைப் பதிவுகள் முழுவதையும் வரவழைத்து, யுத்தத்தில் சண்டையிட்டவர்களையும் நிராயுதபாணிகளைக் கொன்றவர்களையும் பிரித்துப் பார்க்கச் சொன்னார். 303 பேர் 39 ஆனார்கள். அந்த 39 பெயர்களையும் அவர் தன் கையாலேயே எழுதினார். ஒலியை வைத்துக் கூட்டெழுத்து மாறாமல், ஆள் மாறிவிடக் கூடாதே என்ற கவனத்தோடு எழுதிய பட்டியல். பிறகு ஒருவருக்குத் தண்டனை நிறுத்தப்பட்டது. டிசம்பர் 26இல் மான்கேட்டோவில் 38 பேர் ஒரே மேடையில் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டார்கள். அமெரிக்க சரித்திரத்தில் ஒரே நாளில் நிறைவேறிய மிகப்பெரிய மரணதண்டனை அது.

264 பேரைத் தூக்குக்கயிற்றிலிருந்து எடுத்தவர் என்று சொல்லலாம். 38 பேரை அதில் ஏற்றியவர் என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே காகிதம். எனக்குப் படுவது, அந்தக் கையெழுத்து. அதிகாரம் எப்போதும் பெயர்களை வேறு யாரையாவது வைத்து எழுதச் சொல்லும், எண்ணிக்கையாக மாற்றிக்கொள்ளும். இவர் வாயில் நுழையாத பெயர்களை ஒவ்வொன்றாகக் கூட்டி எழுதினார். இது கொலையை நியாயமாக்கவில்லை. கொன்றவருக்கு அது என்னவென்று தெரியும் என்பதை மட்டும் உறுதிப்படுத்துகிறது. அதில் ஆறுதல் உண்டா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது, ஜனவரி 1இன் விடுதலைப் பிரகடனம். இலக்கிய ரசனை உள்ள எவரையும் ஏமாற்றும் பிரதி. சரித்திர ஆசிரியர் ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் 1948இல் இதில் இருக்கும் தார்மீகப் பெருமை ஒரு சரக்கு ரசீதில் இருக்கும் அளவுதான் என்ற பொருளில் எள்ளி நகையாடினார். ஆமாம், அப்படித்தான் இருக்கிறது. ஏற்கெனவே என்றும், மேற்சொன்ன என்றும் நீளும் சட்ட மொழி. எந்தெந்த மாநிலங்கள், லூயிஸியானாவில் எந்தப் பகுதிகள் நீங்கலாக, வர்ஜினியாவில் எந்த மாவட்டங்கள் நீங்கலாக என்று பெயர் பெயராக அடுக்கு. யூனியனோடு தங்கிவிட்ட டெலவேர், மேரிலண்ட், கென்டக்கி, மிஸ்ஸூரி அடிமைகளுக்கு இதில் விடுதலை இல்லை. நியாயம் என்ற சொல் வரும் கடைசி வாக்கியம்கூட நிதிமந்திரி சேஸ் எழுதிக் கொடுத்தது. அதிலும் ராணுவ அவசியம் என்ற சொற்களை லிங்கன் நுழைத்தார்.

பகல் முழுக்க ஈட்டுப் பத்திரங்களோடு உட்கார்ந்திருக்கும் ஒரு வங்கி குமாஸ்தா என்ற முறையில் ஹாஃப்ஸ்டாட்டருக்கு எனக்கொரு மறுப்பு உண்டு. சக்குபந்தி இல்லாத பத்திரம் செல்லாது. வடக்கே இன்னார் நிலம், கிழக்கே வண்டிப்பாதை என்று எல்லை சொல்லாமல், என் உள்ளம் உருகி இந்தச் சொத்தைத் தந்தேன் என்று எழுதினால் எந்தக் கோர்ட்டும் ஏற்காது. லிங்கன் வக்கீல். படைத் தலைவர் என்ற யுத்தகால அதிகாரம் ஒன்றைத் தவிர அடிமைகளைத் தொட அவருக்குச் சட்டத்தில் வேறு பிடி இல்லை. அந்த அதிகாரம் கலகப் பிரதேசத்தோடு நிற்பது. உணர்ச்சி மிக்க ஒரு பிரகடனத்தை உச்ச நீதிமன்றம் ஒரு காலை வேளையில் கிழித்துப் போட்டிருக்கும்; தலைமை நீதிபதி டேனி, கறுப்பினத்தவர் குடிமக்களே அல்ல என்று 1857இல் தீர்ப்பு எழுதியவர். ஆகவே தபசில் போட்டு எழுதினார். ஒரு வாக்கியம் கறுப்பின ஆண்களைப் படையில் சேர்க்க வழி திறந்தது. யுத்தம் முடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 பேர் சேர்ந்தார்கள். நம் நூற்றாண்டின் எத்தனை கவிதைகள் இந்தச் சரக்கு ரசீது அளவுக்குக் காரியம் செய்திருக்கின்றன?

புத்தாண்டு விருந்தினர்களோடு மணிக்கணக்காகக் கைகுலுக்கிவிட்டு வந்ததால் கையெழுத்திடும்போது கை நடுங்கியது. நடுங்கிய கையெழுத்தைப் பார்த்தால் தயங்கினான் என்பார்கள் என்று சொல்லி, சற்று நிதானித்து அழுத்தமாக எழுதினார் என்கிறார்கள் அருகிலிருந்தவர்கள்.

5

கெட்டிஸ்பர்க் உரை 1863 நவம்பர் 19இல் நிகழ்த்தப்பட்டது. ஜூலை முதல் மூன்று நாட்களில் இரு தரப்பிலும் சேர்ந்து மாண்டும் காயமுற்றும் காணாமற் போயும் ஏறக்குறைய 50,000 பேர் விழுந்த களம். எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசியபின் லிங்கன் பத்து வாக்கியங்கள் பேசினார்; சுமார் 270 சொற்கள். சுருக்கத்தைப் பற்றி நிறையச் சொல்லியாயிற்று. நான் பார்க்கச் சொல்வது இரண்டு விஷயம்.

ஒன்று, அதில் இல்லாதவை. கெட்டிஸ்பர்க் என்ற பெயர் இல்லை. வடக்கு, தெற்கு இல்லை. எதிரி இல்லை. தளபதிகள் பெயர் இல்லை. அடிமைமுறை என்ற சொல்லே இல்லை. வெற்றி பெற்ற தரப்பின் தலைவர் வெற்றிக் களத்தில் நின்று பேசும் பேச்சில் வெற்றி இல்லை. அர்ப்பணித்தல் என்ற ஒரே வினை ஆறு முறை திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் ஓர் இடம் நகர்கிறது: கொள்கைக்கு அர்ப்பணிக்கப்பட்ட தேசத்திலிருந்து, அர்ப்பணிக்க வந்த நிலத்துக்கு, நிலத்தை அர்ப்பணிக்க நமக்குத் தகுதியில்லை என்ற மறுப்புக்கு, கடைசியில் உயிரோடிருப்பவர்களின் மேல். கூடியிருந்தவர்கள் ஒரு மயானத்தைத் திறந்துவைக்க வந்தவர்கள். உரை முடிகையில் திறந்துவைக்கப்படுவது அவர்களாக இருக்கிறார்கள்.

இரண்டு, யூக்ளிட். 1776இன் சுதந்திரப் பிரகடனம் மனிதர் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்பதை நிரூபணம் வேண்டாத வெளிப்படை உண்மை என்றது. லிங்கன் 87 ஆண்டுகளைப் பின்னால் எண்ணிக்கொண்டு அங்கே போய், அதே கூற்றை வேறு பெயரிட்டு அழைக்கிறார். ஜியோமிதியில் நிறுவ வேண்டிய கூற்றுக்கு வழங்கும் சொல்லை அதற்குச் சூட்டுகிறார். வெளிப்படை உண்மை நிரூபிக்க வேண்டியதாகிவிட்டது. ஜெஃபர்ஸன் அதை எழுதும்போது அவரிடமே அடிமைகள் இருந்தார்கள். அவருக்கு வெளிப்படையாக இருந்தது அவர் தோட்டத்தில் வெளிப்படவில்லை. லிங்கன் அந்தப் பொய்யைச் சுட்டிக்காட்டவில்லை. ஒரு சொல்லை மாற்றினார். நிரூபணம் இன்னும் முடியவில்லை, அதற்கான பலகை இந்த மயானம் என்று ஆகிவிட்டது. காரி வில்ஸ் 1992இல் இந்த உரையைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதி, இந்த 270 சொற்கள் அமெரிக்க அரசியல் சாசனத்தை வாசிக்கும் முறையையே மாற்றிவிட்டன என்று வாதிட்டார். மிகையாகத் தோன்றினாலும் மறுப்பது கஷ்டம்.

கடைசியாக, 1865 மார்ச் 4இன் இரண்டாவது பதவியேற்பு உரை. சுமார் 700 சொற்கள். என் அபிப்பிராயத்தில் இதுதான் உச்சம். லீ சரணடைய ஐந்து வாரமே இருக்கிறது. இரு தரப்பும் ஒரே வேதத்தைப் படித்து ஒரே கடவுளை வேண்டின, இரண்டின் வேண்டுதலும் முழுசாகக் கேட்கப்படவில்லை என்கிறார். தென்னாட்டு அடிமைமுறை என்று சொல்லாமல் அமெரிக்க அடிமைமுறை என்கிறார். ஒரு பெயரடையில் வடக்கும் குற்றக் கூண்டில் ஏறிவிடுகிறது. பிறகு அந்தப் பயங்கரமான நிபந்தனை வாக்கியம். கூலியில்லாத உழைப்பால் 250 ஆண்டுகள் குவித்த செல்வமெல்லாம் கரையும் வரை, சாட்டையால் சிந்திய ஒவ்வொரு துளிக்கும் வாளால் ஒரு துளி ஈடாகும் வரை, இந்த யுத்தம் தொடர வேண்டும் என்பது கடவுள் சித்தமானால் அதுவும் நீதியே என்ற கருத்து. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். கிரீலிக்கு எழுதியபோது மறைக்கப் பயன்பட்ட அதே ‘ஆனால்’ என்ற இலக்கணம், இங்கே எதையும் மறைக்க முடியாத இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டது.

ஓர் ஆட்சேபம் எழும். போர் எப்படித் தொடங்கியது என்று சொல்ல வரும் இடத்தில் நான்கே சொற்களில் ஒரு வாக்கியம் வைக்கிறார். அதில் எழுவாய் போர், வினை வந்தது. மழை வந்தது என்பதுபோல. 75,000 படையாட்களைக் கூப்பிட்டவர் எங்கே? கடற்கரையை முற்றுகையிட்டவர், காங்கிரஸைக் கேட்காமல் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்தவர் எங்கே? வில்சன் போன்றவர்கள் இங்கேதான் உஷாராகிறார்கள். தன் அதிகாரத்தைச் சரித்திரத்தின் தலையில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வது எல்லா அதிகாரங்களும் செய்வது. சந்தேகம் நியாயமானது. ஆனால் ஒதுங்குகிறவன் அடுத்த பத்தியில் கடன் கணக்கைத் திறக்க மாட்டான். இந்தக் கணக்கில் கடனாளிகளின் பட்டியலில் அவரும் இருக்கிறார். தப்பித்தலும் ஒப்புக்கொடுத்தலும் ஒரே உரையில் இருக்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றதை இல்லையென்று சொல்வது விமர்சனம் ஆகாது.

கூட்டத்தில் ஜான் வில்க்ஸ் பூத்தும் நின்றிருந்தான். ஏப்ரல் 11இல் லிங்கன் பேசிய கடைசி உரையில், கறுப்பினத்தவரில் படிப்பறிவுள்ளோருக்கும் போர் வீரராக இருந்தோருக்கும் வாக்குரிமை தரலாம் என்ற அரை மனசு யோசனை வந்தது. அதையும் பூத் கேட்டான். 14ஆம் தேதி இரவு ஃபோர்டு நாடகசாலையில் சுட்டான். மறுநாள் காலை லிங்கன் இறந்தார். அடிமைமுறையைச் சட்டத்திலிருந்தே அகற்றிய 13ஆவது திருத்தம் அந்த டிசம்பரில்தான் அமலுக்கு வந்தது.

6

லிங்கனைப் பற்றிய சிறந்த விமர்சனத்தை எழுதியது வில்சனும் இல்லை, வில்ஸும் இல்லை. 1876 ஏப்ரல் 14இல், வாஷிங்டனில் சிலை திறப்பு விழாவில், ஃப்ரெடெரிக் டக்ளஸ் நிகழ்த்திய உரைதான் அது. விடுதலை பெற்ற அடிமைகளின் பணத்தில், ஷார்லட் ஸ்காட் என்ற பெண் தந்த ஐந்து டாலரில் தொடங்கி, எழுப்பிய சிலை. எதிரே ஜனாதிபதி கிராண்ட், மந்திரிகள், நீதிபதிகள். மாலை போடும் தருணம். டக்ளஸ் எழுந்து, லிங்கன் முழுக்க முழுக்க வெள்ளையரின் ஜனாதிபதி, நாங்கள் அதிகம் போனால் அவருடைய மாற்றாந்தாய்ப் பிள்ளைகள் என்றார். அடிமை ஒழிப்பு நிலையிலிருந்து பார்த்தால் அவர் மந்தமானவர், குளிர்ந்தவர். அவர் கலந்துகொண்டாக வேண்டியிருந்த தேசத்தின் மனநிலையை வைத்து அளந்தால் வேகமானவர், தீவிரமானவர் என்ற இரண்டு அளவுகோல்களையும் கையில் வைத்துக்கொண்டு, எதையும் கீழே போடாமல், நன்றியோடு பேசி முடித்தார். சில நாட்களில் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் சிலையையும் விடவில்லை. நின்றுகொண்டிருக்கும் லிங்கனின் காலடியில் மண்டியிட்டிருக்கும் கறுப்பு மனிதன் போதாது. தன் காலில் நிற்கும் மனிதனாக இன்னொரு சிலை வேண்டும் என்றார். 2020இல் ஆய்வாளர்கள் இருவர் கண்டெடுக்கும் வரை அந்தக் கடிதம் பழைய பத்திரிகைக்குள் மறைந்து கிடந்தது. அதே ஆண்டின் இறுதியில் பாஸ்டன் நகரிலிருந்த அந்தச் சிலையின் பிரதி அகற்றப்பட்டது.

நடையில் பொய் சொல்ல முடியாது என்ற நம் நம்பிக்கைக்கு லிங்கனிடமிருந்து கிடைக்கும் பதில் இது: சொல்ல முடியும். தெளிந்த நடையில் மறைக்கலாம், மனிதனைப் புண்படுத்தலாம், தூக்குப் பட்டியலையும் எழுதலாம். நல்ல நடை எழுதியவனை விடுதலை செய்வதில்லை. அது செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. அவனை விசாரிக்க இடம் வைத்துவிட்டுப் போகிறது. டக்ளஸ் விசாரித்தார், வில்சன் விசாரித்தார், நாமும் விசாரிக்கிறோம். அந்தக் காகிதங்கள் தாங்குகின்றன. ஆசிரியருக்கு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதத்தை யாரும் எதைப் பற்றியும் விசாரிக்க முடியாது. அதில் யாரும் எதையும் செய்யவில்லை.